மேலிடத்து உத்தரவும் மனச்சான்றும்: அருள்பணி பிரான்சிஸ்கோ தே விட்டோரியா



வீடு சந்திப்புக்குச் செல்லும் பங்குப்பணியாளர் எவரும் அடிக்கடி சந்திக்கும் கேள்விகள் இரண்டு உண்டு. முதல் கேள்வி அலுவலகத்தில் வேலை செய்பவருடையது. சாமி, அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மேலதிகாரி கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டுவிட்டேன். பாவம் எனக்கா, அவருக்கா என்று கேட்பார். இரண்டாவது கேள்வி வசதியாக வாழ்பவருடையது. எங்கள் குடும்பச் சொத்தில் ஒரு பகுதி நேர்மையாக வந்ததல்ல. அதை நான் சம்பாதிக்கவில்லை, அனுபவிக்க மட்டுமே செய்கிறேன். இதற்கு நான் கணக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்.

இந்த இரண்டு கேள்விகளையும் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டில் ஒரு துறவியிடம் பலர் கேட்டார்கள். முதலில் அவர் தயங்கினார். பின்பு பதில் சொன்னார். அந்தப் பதில் ஒரு பேரரசரின் கோபத்தைக் கிளறியது. நாடுகளுக்கிடையேயான சட்டம் என்று இன்று உலகம் அறிந்திருக்கும் துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராக அவரை உயர்த்தியதும் அதே பதில்தான். அவர் பெயர் பிரான்சிஸ்கோ தே விட்டோரியா. அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்படவில்லை. நம் ஆலயங்களில் அவருக்குப் பீடமும் இல்லை, திருவிழாவும் இல்லை. ஆயினும் மனச்சான்றோடு வாழ விரும்பும் ஒவ்வொரு கிறிஸ்தவரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

துறவு வாழ்வின் தொடக்கம்

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த பிரான்சிஸ்கோ, வட ஸ்பெயினில் உள்ள பூர்கோஸ் நகரில் வளர்ந்தார். இளமையிலேயே அந்நகரின் புனித பவுல் துறவு மடத்தில், புனித சாமிநாதர் நிறுவிய போதகத் துறவிகளின் சபையில் சேர்ந்தார். அவருடைய சகோதரர் தியேகோவும் அதே சபையில் சேர்ந்து மறையுரையாளராகப் புகழ்பெற்றார்.

பிரான்சிஸ்கோவின் அறிவுக்கூர்மையைக் கண்ட சபைத் தலைவர்கள் அவரைப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே புனித யாக்கோபு மடத்தில் தங்கிப் படித்தார், பிறகு பாடமும் நடத்தினார். அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பீட்டர் குரோக்கார்ட். அந்நாள்களில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இறையியல் கல்வி பீட்டர் லொம்பார்டின் பழைய தொகுப்பு நூலை வைத்தே நடந்தது. குரோக்கார்ட் அதை விடுத்து, புனித தாமஸ் அக்குவினாசின் இறையியல் தொகுப்பை வகுப்பில் விளக்கத் தொடங்கினார். அத்தொகுப்பில் நற்பண்புகள், நீதி, அன்பு, போர், சொத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசும் பகுதி 1512இல் பாரிசில் அச்சானபோது, அதைப் பதிப்பிக்கும் பணியில் விட்டோரியாவும் துணைநின்றார். பின்னாளில் அவர் கற்பித்த அனைத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வேரைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார். நன்மை எது, தீமை எது என்று உணரும் அறிவை ஒவ்வொருவருக்குள்ளும் வைத்தார். திருநூலைப் படித்திராத மக்களின் உள்ளத்திலும் அந்தச் சட்டம் பதிந்திருக்கிறது என்று உரோமையர் திருமுகத்தில் புனித பவுல் நமக்குக் கற்பிக்கிறார். அதையே இயற்கைச் சட்டம் என்கிறோம். எந்த அரசரும் அதை இயற்றவில்லை, எந்த அரசராலும் அதை நீக்கவும் முடியாது. கிறிஸ்தவரும் கிறிஸ்தவர் அல்லாதவரும் சமமாக நிற்கும் தளம் அது.

1522இல் பாரிசில் இறையியலில் உயர்பட்டம் பெற்ற விட்டோரியா, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பி வல்லதோலித் நகரின் புனித கிரகோரி கல்லூரியில் கற்பித்தார். 1526இல் சலமாங்கா பல்கலைக்கழகத்தின் முதன்மை இறையியல் இருக்கை காலியானது. அந்நாளில் மாணவர்களின் வாக்கே பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும். விட்டோரியா போட்டியிட்டு வென்றார். சாகும்வரை, இருபது ஆண்டுகள், அந்த இருக்கை அவரிடமே இருந்தது.

எழுதாத பேராசிரியர்

இவ்வளவு புகழ்பெற்ற அறிஞர் தம் வாழ்நாளில் தம் பெயரில் ஒரு நூல்கூட எழுதி வெளியிடவில்லை என்பது வியப்பாக இருக்கும். அவர் வகுப்பில் நின்று விளக்கினார், மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்புகள் கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டன. அவருடைய சிறப்புரைகள் முதன்முதலாக நூலாக அச்சானது 1557இல், பிரான்சு நாட்டின் லியோன் நகரில். அப்போது அவர் இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்றாட வகுப்புகளைத் தவிர, சலமாங்காவில் பேராசிரியர்கள் ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரு சிறப்புரை ஆற்ற வேண்டும். மற்றவர்கள் அதை ஒரு சடங்காக முடித்துக்கொண்டிருக்கலாம். விட்டோரியா அந்த மேடையை அன்றைய நாட்டு நடப்பைப் பற்றி இறையியல் என்ன சொல்கிறது என்று விளக்கும் இடமாக்கினார்.

1528இல் குடிமக்கள் மீதான ஆட்சி அதிகாரத்தைப் பற்றிப் பேசினார். மனிதர் தனித்து வாழ இயலாதவர். விலங்குகளுக்கு உள்ள கொம்போ நகமோ நமக்கு இல்லை. பிறர் துணையில்லாமல் பேச்சும் அறிவும் நட்பும் நீதியும் நமக்கு வளர்வதில்லை. ஆகவே சமூகமாக வாழ்வது மனித இயல்பு. சமூகத்துக்குத் தலைமை தேவைப்படுவதும் இயல்பு. இயல்பைப் படைத்தவர் கடவுள் என்பதால் ஆட்சி அதிகாரமும் கடவுளிடமிருந்தே வருகிறது என்று அவர் விளக்கினார்.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவுகள் இரு பக்கமும் வெட்டுபவை. நீதியான சட்டத்தைக் குடிமக்கள் மனச்சான்றின் பொருட்டே கடைப்பிடிக்க வேண்டும். காவலர் பார்க்கவில்லை என்பதற்காக அந்தக் கடமை நீங்கிவிடாது. அதே வேளையில் அரசரும் தாம் இயற்றிய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. தாம் சேர்ந்து வாழும் சமூகத்தின் ஒரு பகுதியே அவரும். மேலும், உலகம் முழுவதுமே ஒரு வகையில் ஒரே சமூகம். ஒரு நாட்டுக்கு இலாபமாகத் தோன்றும் போர் உலகுக்குக் கேடு விளைவிக்குமானால் அது நீதியற்ற போரே என்றார். தங்கள் நாடு உலகப் பேரரசாக வளர்ந்துகொண்டிருந்த பெருமிதத்தில் இருந்த மக்களின் நடுவில் இதைச் சொன்னார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பெருவிலிருந்து வந்த பொன்

1492இல் கொலம்பஸ் கரையேறிய நாள்முதல் அமெரிக்காவின் பூர்வகுடி மக்களுக்கு நேர்ந்த துன்பங்களை நாம் அறிவோம். நிலம் பறிக்கப்பட்டது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் கட்டாய வேலைக்கு ஒப்படைக்கப்பட்டார்கள். நோயும் கொடுமையும் சேர்ந்து தீவுகளையே வெறுமையாக்கின. இதை எதிர்த்து 1511ஆம் ஆண்டு திருவருகைக்கால ஞாயிறு ஒன்றில் இஸ்பானியோலா தீவின் ஆலயத்தில் மறையுரையாற்றியவர் அந்தோனியோ தே மோந்தெசினோஸ். அவரும் விட்டோரியாவின் சபைத் துறவிதான். அன்றிலிருந்து அச்சபைக்குள் அந்தக் கேள்வி உயிரோடிருந்தது.

1532 நவம்பரில் பெரு நாட்டின் கஹமார்க்கா நகரில் பிசாரோவின் சிறிய படை இன்கா பேரரசர் அதாவால்பாவைச் சூழ்ச்சியால் சிறைப்பிடித்தது. ஆயுதமின்றி அவரோடு வந்த ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அப்போது பிசாரோவோடு சென்றிருந்த துறவியும், வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, விட்டோரியாவின் சபையைச் சேர்ந்தவரே. தம் விடுதலைக்காக அதாவால்பா ஓர் அறை நிறையப் பொன் தருவதாகச் சொன்னார். பொன் வந்து சேர்ந்தது, விடுதலை வரவில்லை. 1533இல் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அந்தப் பொன்னில் பங்கு பெற்றவர்கள் விரைவில் ஸ்பெயினுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அவர்களும் கத்தோலிக்கர்கள்தான். திருப்பலிக்கு வந்தார்கள். ஒப்புரவு அருளடையாளம் பெற விரும்பினார்கள். சிலருக்கு உள்ளம் உறுத்தியது. இந்தப் பணம் எனக்குச் சொந்தமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று குருக்களையும் பேராசிரியர்களையும் தேடி வந்தார்கள். விட்டோரியாவின் கதவையும் தட்டினார்கள்.

1534 நவம்பரில் அவர் தம் சபையைச் சேர்ந்த மிகுவேல் தே ஆர்கோஸ் என்பவருக்கு இதைப் பற்றி எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் ஒரு குருவின் உள்ளப் போராட்டத்தை அப்படியே காண்கிறோம். நெடுங்காலம் படித்துப் பல வழக்குகளைப் பார்த்துப் பழகிய தமக்கே பெருவிலிருந்து வரும் செய்திகளைக் கேட்கும்போது இரத்தம் உறைந்துபோகிறது என்கிறார். இப்படிப்பட்ட கேள்வியோடு வருபவர்களிடமிருந்து முதலில் தாம் விலகிப் போகவே பார்ப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். வெளிப்படையாகப் பேசினால் ஒரு சாரார் பேரரசரைக் கண்டிக்கிறார் என்பார்கள், இன்னொரு சாரார் திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கிறார் என்பார்கள். அந்த அச்சத்தை அவர் மறைக்கவில்லை.

ஆனால் கட்டாயமாகப் பதில் சொல்ல நேர்ந்தால் மனத்தில் பட்டதையே சொல்வேன் என்கிறார். அதாவால்பாவும் அவர் மக்களும் கிறிஸ்தவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்ததாகத் தாம் கேள்விப்படவில்லை. அப்படியிருக்க அவர்கள்மேல் போர் தொடுத்ததில் என்ன நீதி இருக்கிறது என்று கேட்கிறார். பேரரசருக்கு நியாயமான உரிமை இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது அந்த மக்களுக்குத் தெரியாது. தங்களைக் காத்துக்கொள்ளப் போராடிய அவர்கள் குற்றமற்றவர்களே என்கிறார். தொலேதோ பேராயர் பதவியையும் அவர் குறிப்பிடுகிறார். ஸ்பெயின் திருச்சபையிலேயே உயர்ந்த பதவி அது. அதைத் தமக்குத் தருவதாக இருந்தாலும், பெருவில் கொள்ளையடித்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று கையெழுத்திடத் தமக்குத் துணிவு வராது என்று எழுதினார்.

கடிதம் தனிப்பட்டது. உலகறியப் பேச அவருக்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த இடைவெளியை நான் அவருடைய குறையாக மட்டும் பார்ப்பதில்லை. நம்மில் பலருக்கும் அப்படி ஓர் இடைவெளி உண்டு. தவறு என்று உள்ளத்தில் தெளிந்த நாளுக்கும், அதை வாய்திறந்து சொன்ன நாளுக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் ஓடின என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

1539: இரண்டு உரைகள்

1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஓர் ஆணை மடல் வெளியிட்டார். அமெரிக்கப் பூர்வகுடிகள் உண்மையான மனிதர்கள் என்றும், அவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமைகளையும் பறிக்கக் கூடாது என்றும் அதில் அறிவித்தார். இதற்குப் பின், 1539 ஜனவரியில், விட்டோரியா சலமாங்காவில் பூர்வகுடிகளைப் பற்றிய சிறப்புரையை ஆற்றினார். எல்லா மக்களினத்தாரையும் சீடராக்கித் திருமுழுக்குக் கொடுக்குமாறு உயிர்த்த ஆண்டவர் தந்த கட்டளையைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வியை எழுப்பினார். அரசர் நல்லவர், அவருடைய ஆலோசகர்கள் அறிவாளிகள். முடிந்துபோன காரியத்தை இறையியலார் ஏன் கிளற வேண்டும்? அவருடைய பதில் நம் அனைவருக்கும் உரியது. ஒரு செயல் சரியா தவறா என்று உண்மையான ஐயம் எழும்போது, அறிந்தவர்களைக் கலந்து தெளிவடையாமல் அதைச் செய்வதே குற்றம். அச்செயல் ஒருவேளை சரியானதாகவே இருந்திருந்தாலும், ஐயத்தோடு துணிந்து செய்தவர் மனச்சான்றை மீறியவரே.

பிறகு முதன்மையான கேள்விக்கு வந்தார். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அந்த நிலத்துக்கு அந்த மக்கள் உண்மையான உரிமையாளர்களா? அவர்கள் பாவிகள், ஆகவே உரிமை இல்லை என்றனர் சிலர். பாவம் உடைமை உரிமையை அழிக்காது என்றார் விட்டோரியா. கடவுளே கதிரவனின் ஒளியைத் தீயோருக்கும் மறுப்பதில்லையே. அவர்கள் நம்பிக்கையற்றவர்கள் என்றனர் வேறு சிலர். சொத்துரிமையும் ஆட்சியுரிமையும் இயற்கைச் சட்டத்தாலோ மனிதச் சட்டத்தாலோ வருபவை, நம்பிக்கை இல்லாததால் அவை போய்விடாது என்றார். அவர்களுக்குப் பகுத்தறிவு இல்லை என்றனர் இன்னும் சிலர். அவர்களுக்கு நகரங்கள் உண்டு, முறையான திருமணம் உண்டு, நடுவர்களும் சட்டங்களும் உண்டு, கைத்தொழிலும் வணிகமும் உண்டு, ஒருவகைச் சமயமும் உண்டு. இவை அனைத்துக்கும் பகுத்தறிவு வேண்டும் அல்லவா? நமக்கு அவர்கள் மந்தமாகத் தோன்றினால் அது பெரும்பாலும் வளர்ப்பினாலும் கல்வியின்மையாலும்தான். நம் நாட்டு உழவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களே என்றார்.

அடுத்து, அன்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த ஏழு நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். பேரரசர் உலகம் முழுவதற்கும் தலைவர் அல்லர். திருத்தந்தையும் உலகப் பொருள்களின் தலைவர் அல்லர். தம்மிடம் இல்லாத உலகியல் அதிகாரத்தை அவர் எந்த அரசருக்கும் வழங்க முடியாது. நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்ற நியாயம் உரிமையாளர் இல்லாத பொருளுக்கே பொருந்தும். அந்த மக்கள் கப்பலேறி வந்து நம்மைக் கண்டுபிடித்திருந்தால் நம் நாடு அவர்களுடையதாகிவிடுமா? நற்செய்தியை ஏற்கவில்லை என்ற காரணத்துக்காகப் போர் தொடுக்கவும் கூடாது. நம்பிக்கை மனத்தின் விருப்பத்தால் வருவது, வாள்முனையில் வருவதன்று. நற்செய்தி அவர்களுக்குச் சரியாக அறிவிக்கப்பட்டதா என்பதே தமக்கு ஐயமாக இருக்கிறது என்றார். புதுமைகளைப் பற்றியோ தூய வாழ்வின் எடுத்துக்காட்டுகளைப் பற்றியோ தாம் கேள்விப்படவில்லை, இடறலையும் கொடுமைகளையும் பற்றியே கேள்விப்படுகிறேன் என்று வருந்தினார். அச்சத்திலும் அறியாமையிலும் அந்த மக்கள் ஸ்பெயின் அரசரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வதும் உண்மையான ஒப்புதல் ஆகாது என்றார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் போர் பற்றிய உரையை ஆற்றினார். சமய வேறுபாடு போருக்கு நியாயமான காரணம் அன்று. நாட்டை விரிவாக்குவதும் காரணம் அன்று. அரசரின் புகழும் காரணம் அன்று. இழைக்கப்பட்ட அநீதி ஒன்றே காரணமாக முடியும். அந்த அநீதியும் போரின் பேரழிவுக்கு ஈடான அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். குற்றமற்றவர்களை, குழந்தைகளையும் பெண்களையும் உழவர்களையும், வேண்டுமென்றே கொல்வது ஒருபோதும் கூடாது. துருக்கியரோடு நடக்கும் போரானாலும் இதே விதிதான் என்றார்.

சிப்பாயின் கேள்வி

நாம் முதலில் பார்த்த அலுவலக ஊழியரின் கேள்வி இங்கேதான் வருகிறது. அரசர் போருக்கு அழைக்கிறார். குடிமகன் என்ன செய்ய வேண்டும்? விட்டோரியாவின் பதிலில் மூன்று படிகள் உண்டு.

முதலாவது, போர் நீதியற்றது என்று ஒருவருக்குத் தெளிவாகத் தெரிந்தால் அரசரே கட்டளையிட்டாலும் அவர் போரிடக் கூடாது. குற்றமற்றவரைக் கொல்ல எந்த அதிகாரத்தாலும் அனுமதி தர முடியாது.

இரண்டாவது, அரசரின் அவையில் இருப்பவர்கள், ஆலோசகர்கள், அவர்கள் பேச்சுக்குச் செவிசாய்க்கப்படும் நிலையில் உள்ளவர்கள் எல்லாரும் காரணத்தை ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள். தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காதவர் அந்தத் தீமைக்கு உடன்பட்டவரே. பொறுப்பு பெரிதாகப் பெரிதாக, ஆராயும் கடமையும் பெரிதாகிறது.

மூன்றாவது, அரச இரகசியங்கள் எட்டாத எளிய மக்கள், ஐயமான நிலையில், தலைவர்களை நம்பிக் கீழ்ப்படியலாம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அநீதிக்கான அடையாளங்கள் கண்ணெதிரே தெரியும்போது எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. அப்படித் தப்பலாம் என்றால், பிலாத்துவின் ஆணையை ஏற்று ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த படைவீரர்களும் குற்றமற்றவர்களாகிவிடுவார்களே என்று கேட்டார்.

நாம் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை செய்கிறோம். பதினோராம் நிலையில் ஆணி அடிப்பவரின் கையைப் பார்க்கிறோம். அவரும் உத்தரவைத்தான் நிறைவேற்றினார் என்பதை எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

பேரரசரின் கடிதம்

விட்டோரியாவின் உரைகள் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 1539 நவம்பர் 10 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ், விட்டோரியா வாழ்ந்த புனித ஸ்தேவான் மடத்தின் தலைவருக்குக் கடிதம் அனுப்பினார். துறவிகள் சிலர் மறையுரைகளிலும் உரைகளிலும் கடல்கடந்த நாடுகள்மீது தமக்குள்ள உரிமையை விவாதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், அது பெருங்கேடு விளைவிக்கும் என்றும் எழுதினார். தம் அனுமதியின்றி இனி யாரும் அதைப் பற்றிப் பேசவோ அச்சிடவோ கூடாது, எழுதியவற்றையெல்லாம் சேகரித்து ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். கடிதத்தில் விட்டோரியாவின் பெயர் இல்லை. ஆனால் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று ஊகிக்க எவருக்கும் கடினமாக இருந்திருக்காது.

விட்டோரியா சிறைக்குப் போகவில்லை. பதவியும் பறிபோகவில்லை. அவருடைய அறிவு பேரரசருக்கும் தேவைப்பட்டது. 1541இல் பர்த்தலோமே தே லாஸ் காசாஸ் ஒரு முறையீட்டைக் கொண்டுவந்தார். மறைக்கல்வி கொடுக்காமலே மக்களுக்குக் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்கு அளிப்பது சரியா என்பதே அது. பேரரசர் அதைச் சலமாங்கா இறையியலாரிடம் அனுப்பினார். விட்டோரியாவும் அவருடைய தோழர்களும் கூடாது என்று பதிலளித்தார்கள். வயது வந்தவர்கள் போதிய கல்வி பெற்று, தாங்கள் எதை ஏற்கிறோம் என்று அறிந்த பின்பே திருமுழுக்குப் பெற வேண்டும் என்றார்கள்.

1542இல் பேரரசர் புதிய சட்டங்களை வெளியிட்டார். பூர்வகுடிகளை அடிமைகளாக்குவது தடை செய்யப்பட்டது. கட்டாய உழைப்புக்காக மக்களை ஒப்படைக்கும் முறையைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவரவும் வழி செய்யப்பட்டது. இதற்காக அதிகம் போராடியவர் லாஸ் காசாஸ்தான். ஆனால் சலமாங்காவில் விதைக்கப்பட்ட சிந்தனையும் அந்தக் காற்றில் கலந்திருந்தது. பெருவில் குடியேறியவர்கள் கலகம் செய்தார்கள். 1545இல் அந்தச் சட்டங்களின் முதன்மையான பகுதி திரும்பப் பெறப்பட்டது. நோயுற்றுக் கிடந்த விட்டோரியா அதையும் பார்த்துவிட்டுத்தான் கண்மூடினார்.

அவருடைய குறைகள்

ஒருவரை மதிக்கிறோம் என்பதற்காக அவருடைய குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஏழு நியாயங்களை மறுத்த விட்டோரியா, ஸ்பானியர்கள் அங்கே இருப்பதற்குச் செல்லுபடியாகக்கூடிய வேறு சில காரணங்களையும் பட்டியலிட்டார். தீங்கு செய்யாமல் பயணம் செய்யவும் வணிகம் செய்யவும் எல்லா மக்களுக்கும் உரிமை உண்டு, நற்செய்தியை அறிவிக்க உரிமை உண்டு, நரபலி போன்ற கொடுமையிலிருந்து அப்பாவிகளைக் காக்க உரிமை உண்டு என்றார். இவற்றைத் தடுத்தால் சில வேளைகளில் படைபலத்தையும் பயன்படுத்தலாம் என்றார். அந்த மக்கள் அச்சத்தால் எதிர்த்தால் தற்காப்பைத் தாண்டிப் போகக் கூடாது என்று எச்சரித்தது உண்மைதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மேலும், அவர் ஒருபோதும் அமெரிக்காவுக்குச் சென்றதில்லை. அந்த மக்களின் முகத்தைப் பார்த்து அவர்களின் குரலைக் கேட்டிருந்தால் இன்னும் உறுதியாகப் பேசியிருப்பாரோ என்று நமக்குத் தோன்றலாம்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நியாயத்துக்காகப் பேசும்போதும், நம் சொல்லில் வலியவர் நுழைந்துகொள்ளும் வாசல் எங்கே திறந்திருக்கிறது என்று பார்த்துப் பேச வேண்டும்.

இறுதி நாள்கள்

வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் மூட்டுவாதம் அவரை வாட்டியது. நடக்க இயலாத நிலையிலும் மாணவர்கள் அவரை நாற்காலியில் வைத்து வகுப்புக்குச் சுமந்து சென்றார்கள். 1545இல் திரெந்து பொதுச்சங்கத்துக்கு இறையியலாராகச் செல்லுமாறு அழைப்பு வந்தது. உடல்நிலை இடம் தராததால் அவர் செல்லவில்லை. அவருடைய மடத்துத் தோழர் தொமிங்கோ தே சோத்தோ சென்றார். 1546 ஆகஸ்ட் 12 அன்று விட்டோரியா சலமாங்காவில் இறந்து, தம் மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்த பின்பும் அவர் சோதனைகளைச் சந்தித்தார். திருத்தந்தையின் உலகியல் அதிகாரத்துக்கு எல்லை வகுத்தார் என்பதற்காக, 1590இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் தயாரான தடை நூல்களின் பட்டியலில் அவருடைய உரைகளும் சேர்க்கப்பட்டன. பட்டியல் நடைமுறைக்கு வருமுன்பே திருத்தந்தை காலமானார், அந்தத் தடையும் நீங்கியது.

ஆனால் அவர் ஏற்றிய விளக்கு கைமாறிக்கொண்டே இருந்தது. 1625இல் போர், அமைதி ஆகியவற்றின் சட்டத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஹாலந்து நாட்டு ஹியூகோ குரோத்தியுஸ் விட்டோரியாவை எடுத்தாண்டார். 1673இல் ஜெர்மனியரான சாமுவேல் புஃபென்டார்ஃப், மனிதருக்கும் குடிமகனுக்கும் உரிய கடமைகளைச் சிறிய பாடநூலாகத் தொகுத்தார். கடவுளுக்கும், தனக்கும், பிறருக்கும் நாம் ஆற்ற வேண்டியவை எவை என்று அது வரிசைப்படுத்துகிறது. அவர்கள் இருவரும் கத்தோலிக்கர் அல்லர். இருந்தும் இயற்கைச் சட்டம் என்ற பொதுத்தளத்தில் நின்று பேசினார்கள். 2008 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பேரவையில் உரையாற்றிய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், அந்த அமைப்பின் அடிப்படைச் சிந்தனைக்கு முன்னோடி என்று விட்டோரியாவை நினைவுகூர்ந்தார். 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான், பிறர் நாட்டைக் கண்டுபிடித்தவருக்கே அது சொந்தம் என்ற பழைய கோட்பாட்டை வெளிப்படையாக மறுத்து அறிக்கை வெளியிட்டது. விட்டோரியா அதே நியாயத்தை வகுப்பறையில் மறுத்து அப்போது 484 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமக்கு

அன்புக்குரியவர்களே, தொடக்கத்தில் பார்த்த கேள்விகளுக்குத் திரும்புவோம். மேலதிகாரி சொன்னார் என்பதற்காகப் பொய்யான காகிதத்தில் கையெழுத்திட்டவரிடம் விட்டோரியா கடுமையாகப் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உனக்குத் தெரியுமா, தெளிவாகத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டிருப்பார். தெரியும் என்றால் உத்தரவு உன்னைக் காப்பாற்றாது என்று சொல்லியிருப்பார். ஐயமாக இருந்தது என்றால், யாரிடம் கேட்டாய் என்று வினவியிருப்பார். மேலதிகாரியிடமோ, உன் குற்றம் இவருடையதைவிடப் பெரியது என்று சொல்லியிருப்பார்.

தவறாக வந்த சொத்தை அனுபவிப்பவரிடம், பெருவிலிருந்து பொன்னோடு வந்தவர்களை நினைத்துப் பார் என்பார். பிறருடையது என்று தெரிந்த பின் அதை வைத்துக்கொண்டே மன்னிப்பை மட்டும் கேட்க முடியாது. சக்கேயு தன் வீட்டில் ஆண்டவரை வரவேற்ற அன்று கணக்கையும் சரிசெய்தார் அல்லவா?

நாம் பேரரசர்கள் அல்லர், பேராசிரியர்களும் அல்லர். ஆனால் குடும்பத்தில், அலுவலகத்தில், அன்பியத்தில், பங்குப்பேரவையில், வாக்குச்சாவடியில் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தும் சொல்லாமல் விட்டால் அதற்கும் நாம் கணக்குக் கொடுக்க வேண்டும். இன்றிரவு செபத்தில் ஒரு நிமிடம் அமைதியாக அமர்ந்து, நாம் விலகிப் போகப் பார்க்கும் கேள்வி எது என்று ஆண்டவரிடம் கேட்போம். உண்மையை அறியும் தெளிவையும், அறிந்ததைச் சொல்லும் துணிவையும், சொன்னபடி நடக்கும் நேர்மையையும் அவர் நமக்குத் தருவாராக. ஆமென்.